அளவுப் பதிவேடு

முள்ளியாற்றுக் கிளை. மதகு எண் இருபத்தொன்று.
ஜூன் 27. அளவு: இல்லை.
ஜூன் 28. அளவு: இல்லை.
இல்லை என்று எழுதவும்
லஸ்கருக்குச் சம்பளம் உண்டு.

மேட்டூர் திறந்து பதினாறு நாள்.
கல்லணையில் பூத் தூவிய படம் பேப்பரில் வந்து
அந்தப் பேப்பரில் வடை மடித்துத் தின்றும் ஆயிற்று.
திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே
எல்லாம் கடைசியாகத்தான் வரும்.
நத்தைக்குக்கூட அது தெரியும்,
வெடிப்புக்குள் இறங்கி வாயை மூடிக் காத்துக் கிடக்கும்.

நானும் அப்படிக் கிடந்தேன் என்றால் பொய்.
நான் காத்திருக்கவில்லை.

கிருபாவதி போய் இரண்டு சம்பா ஆகிறது.
திருவாரூர் ஆஸ்பத்திரியில்
செவ்வாயும் வெள்ளியும் ரத்தம் கழுவினார்கள்.
அட்டையில் நாற்பத்தாறு முத்திரை.
நாற்பத்தேழாவது கட்டம் வெறுமையாய் இருக்க
அவள் வேதபுத்தகத்துக்குள் அதை வைத்து மூடினேன்.
எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை.
அந்த ஐப்பசியில்தான்
நட்டு இருபது நாளான பயிர்
பதினோரு நாள் தண்ணீருக்குள் கிடந்து அழுகியது.

ஞாயிறு தவறாமல் போனேன்.
போகாவிட்டால் போதகர் மொபெட்டில் வந்துவிடுவார்,
காபி போட வீட்டில் ஆள் இல்லை.
கடைசி பெஞ்சு, தூணுக்குப் பின்னால்.
பாட்டுக்கு உதடு மட்டும்.
ஜெபிப்போம் என்றதும் எல்லோரும் தலை குனிய
நான் தரையில் எறும்பு எண்ணினேன்.
காணிக்கைப் பைக்குப் பத்து ரூபாய்,
கரண்ட் பில் கட்டுகிற மாதிரி.

ஆண்டவர் சோதிக்கிறார் என்றார் இஸ்ரவேல் வாத்தியார்.
அவர் சொன்னது தப்பில்லை.
காய்ந்த வாய்க்காலிடம் போய்
ஆறு பெரியது என்று சொன்னால்
அது என்ன செய்யும்?
ஜீவரத்தினம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு மாதம், விடியுமுன் வந்து
என் மாட்டுக்கு வைக்கோல் உதறிவிட்டுப் போனான்.

நேற்று ராத்திரி இரண்டே கால்.
நாய்கள் குரைத்து, பிறகு நிறுத்தின.
தண்ணீருக்கு முன்னால் சத்தம் வராது,
வாசனை வரும்.
எழுந்து டார்ச் அடித்தேன்.

வந்தது தண்ணீர் மாதிரியே இல்லை.
நுரை. ஒற்றைச் செருப்பு. குவார்ட்டர் பாட்டில்.
செத்த ஓணான்.
யார் வீட்டிலோ எடுத்துப் போட்ட சாமந்தி மாலை.
முப்பது ஊர்க் குப்பையை முன்னால் தள்ளிக்கொண்டு
கறுப்பாய், ஒரு முழ அகலத்துக்கு,
வெடிப்புக்கு வெடிப்பு நின்று
அது குடித்து முடிக்கும்வரை பொறுத்து
அப்புறம் நகர்ந்து.

வந்துட்டியா, என்றேன்.
சத்தமாக.
தண்ணீரிடம்தான் சொன்னேன்.
சொன்ன பிறகு
அந்தக் கரையில் நான் தனியாக இல்லாத மாதிரி இருந்தது.
திரும்பிப் பார்த்தேன்.
கருவேல மரம். அவ்வளவுதான்.
இருந்தாலும் பீடியை அணைத்துவிட்டேன்.

சக்கரம் துருப்பிடித்து இறுகியிருந்தது.
தோளைக் கொடுத்துத் தள்ளினேன்.
முழுசாய்த் திறக்கப் பன்னிரண்டு சுற்று,
எப்போதும் எண்ணுவேன்.
நாலாவதில் எண்ணிக்கை விட்டுப்போனது.
சேறு முழங்கால்வரை.
கிருபா இருந்தால்
இந்தக் காலோட உள்ள வராதீங்க என்பாள்.
ஆமென், என்றேன் அதற்கு.

புத்தகத்தை இன்னும் திறக்கவில்லை.
விளையும் என்றும் சொல்லமாட்டேன்,
ஐப்பசியை நான் பார்த்தவன்.
ஆனால் கிழக்கே நாற்றங்காலில்
யாரோ மண்வெட்டி போடும் சத்தம் கேட்கிறது.
ஜீவரத்தினம்தான், அந்த இருமல் அவனுடையது.

ஜூன் 29. காலை ஆறு மணி.
அளவு: அரை அடி. கலங்கல்.
குறிப்பு என்ற கட்டத்தை
பத்தொன்பது வருஷ சர்வீஸில் நிரப்பியதில்லை.
பேனாவை உதறி உதறி
ஒரு சொல் எழுதினேன்:
வருகிறது.